அழுகை வரவில்லை என்று ஒரு புகார்

முப்பத்து நான்கு வருடம் நான் மற்றவர்கள் வீட்டு ஹாலில் வேலை பார்த்தேன். திருப்பதியில் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் இருந்த ஒரு ஆடியோ கடையில் சர்வீஸ் ஆள். கடையில் விற்கிற ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும், பாட வைக்க வேண்டும். அப்புறம் சரியாகப் பாடவில்லை என்று கூப்பிட்டால் மறுபடி போய் நிற்க வேண்டும். போன வருடம் ஓய்வு பெற்றேன். ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். கடிகாரம் மணிக்கு ஒருமுறை இசைக்கும். அதில் ட்ரெபிள் அதிகம்.

இப்போது அந்தக் கடையில் இருக்கிற டெக்னீஷியன்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. என்னையும் அதில் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு வீட்டில் சிஸ்டம் வைக்கப் போனால், குச்சி மாதிரி ஒரு ஸ்டாண்டில் மைக்கை நிறுத்துகிறார்கள். ஸ்பீக்கர் விசிலடிக்கும். மைக் அதைக் கேட்டு, அறையின் நீள அகலத்தையும் திரைச்சீலையையும் சோபாவையும் கணக்கெடுத்து, தானே எல்லாவற்றையும் திருத்திக்கொள்ளும். பதினொரு நிமிடத்தில் ‘உங்கள் அறை தயார்’ என்று போனில் செய்தி வரும். அவர்களில் ஒருவர் குழுவில் கேட்டார், “சார், இந்த மைக் இல்லாத காலத்துல எதை வச்சி செட் பண்ணீங்க?”

‘காதை வைத்து’ என்று பதில் போட்டேன். நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்துவிட்டார்கள். கோபம் இல்லை. அதனால் விவரமாக எழுதுகிறேன்.

நான் சித்தூர்க்காரன். அங்கேயே ஐடிஐயில் ரேடியோ டிவி மெக்கானிக் இரண்டு வருடம் படித்தேன். சால்டரிங், ஷாக் அடித்தால் விலகி நிற்பது, வராதவனுக்கு அட்டெண்டன்ஸ் போடுவது ஆகிய மூன்றிலும் தேர்ச்சி பெற்றேன். மற்றதையெல்லாம் ரெட்டெப்பா சாரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

ரெட்டெப்பா சார் எங்கள் சர்வீஸ் மேனேஜர். தெலுங்குக்காரர். தமிழும் பேசுவார், ஆனால் முக்கியமான வார்த்தை வரும்போது தெலுங்குக்குத் தாவிவிடுவார். கஸ்டமர் வீட்டுக்குப் போனால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். குடிக்கத் தண்ணீர் கேட்பார். தாகம் இருக்காது, இருந்தாலும் கேட்பார். வீட்டில் எத்தனை நாற்காலி இருந்தாலும் தரையில்தான் உட்காருவார். மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். “உங்களுக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு போடுங்க” என்பார். பாட்டு முடியும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நடுவில் கஸ்டமர் ஏதாவது சொல்ல வந்தால் கையைத் தூக்கி, “பாட்ட அயிப்போனீ” என்பார். பாட்டு முடியட்டும் என்று அர்த்தம்.

அவ்வளவு நேரமும் அவர் பார்வை கஸ்டமரின் கால் கட்டைவிரலில் இருக்கும். முகத்தைப் பார்த்துப் பயனில்லை என்பது அவர் கட்சி. டெக்னீஷியன் எதிரில் இருந்தால் முகம் மரியாதைக்கு ரசிக்கும். கட்டைவிரலுக்கு அந்த நாகரிகம் தெரியாது.

சித்தூரில் மாம்பழக் கூழ் வியாபாரி ஒருவர், “கடையில கேட்ட மாதிரி வீட்டுல இல்லை” என்று புகார் சொன்னார். போனோம். ஸ்பீக்கர் இரண்டும் வந்த நாளின் பிளாஸ்டிக் உறையோடு நின்றன. மேலே வீட்டு அம்மா கைப்பட எம்ப்ராய்டரி போட்ட துணி, அதில் பச்சைக் கிளிகள். பிளாஸ்டிக்கை எடுங்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். சார் கையைத் தூக்கிவிட்டார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மாவிடம், “இந்தக் கிளி நீங்க போட்டதாம்மா? இவ்வளவு நல்லா இருக்குது, இதை எதுக்கு எங்க டப்பா மேல போட்டு வச்சிருக்கீங்க? கண்ணாடி போட்டு செவுத்துல மாட்டணும்” என்றார். அந்த அம்மா அப்போதே துணியை எடுத்து மடித்து வைத்தார்கள். துணி போனதும் பிளாஸ்டிக் அசிங்கமாகத் தெரிந்தது. வியாபாரி தானே கிழித்தார். இரண்டாவது சரணத்தில் அவர் கட்டைவிரல் ஆடியது. சார் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஜாப் கார்டு எழுதுவதிலும் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கஸ்டமர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். நம்முடைய டெக்னிக்கல் பாஷை கூடாது. அதனால் எங்கள் கார்டுகளில், ‘பாட்டு தூரமா இருக்குது’, ‘பாடுறவருக்கு சளி புடிச்ச மாதிரி இருக்குது’, ‘தபலா அடிக்கிறவன் பக்கத்து ரூமுக்குப் போயிட்டான்’ என்றெல்லாம் புகார்கள் இருக்கும். கம்பெனி இன்ஸ்பெக்டர் ஒருமுறை வந்து படித்துவிட்டு, இது சர்வீஸ் சென்டரா வேறு ஏதாவதா என்று கேட்டார்.

புது சிஸ்டம் வைப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது மூன்று கேள்வி. பாட்டு கேட்கும்போது எங்கே உட்காருவீர்கள்? கை என்ன செய்துகொண்டிருக்கும்? பொத்தானை யார் அழுத்துவார்கள்? இந்த மூன்றும் கேட்காமல் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. முப்பது வருடத்துக்கு மேல் ஒரு வீடு விடாமல் கேட்டேன். ஒரே ஒரு வீட்டில் கேட்காமல் விட்டேன்.

அது சித்தூரில் பழைய மிஷன் காம்பவுண்டுக்குப் பக்கத்துத் தெரு. தேவசகாயம் ஐயா என்று ஒருவர். பேருந்து நிலையத்தில் கன்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பஸ் எந்த பிளாட்பாரம், எது எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். மனைவி குளோரி அம்மா இறந்து பத்து மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. மகள் ஜாய்ஸ் ஸ்ரீசிட்டியில் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்துகொண்டு தடாவில் குடியிருந்தாள். வாரத்துக்கு ஒருமுறை வந்து போவாள். ஐயா கடைக்கு வந்து, இருப்பதிலேயே நல்ல சிஸ்டம் எது என்று கேட்டு, பேரம் பேசாமல் வாங்கினார்.

அந்த மாதம்தான் அளக்கிற மைக் எங்கள் கடைக்குப் புதிதாக வந்திருந்தது. எனக்கு அதைக் கையாள ஆசை. அவர் ஹாலில் மைக்கை நிறுத்தினேன், ஸ்பீக்கர்களை அளந்து வைத்தேன், அவர் நாற்காலியை நடு மையத்துக்கு இழுத்துப் போட்டேன். போனில் சத்தத்தின் அளவைக் காட்டுகிற கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக வந்தது. என் சர்வீஸில் அப்படி ஒரு கோட்டைப் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் மூன்று கேள்வியும் மறந்துபோயின. ஐயாவும், “நல்லா கேக்குது தம்பி” என்றார்.

பத்து நாளில் புகார் வந்தது. போனேன்.

“இன்னா ப்ராப்ளம் ஐயா?”

“பாட்டு நல்லா கேக்குது. அழுகை வரல.”

நான் பேனாவைப் பிடித்தபடி நின்றேன். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பஸ் அரை மணி லேட் என்று சொல்கிற குரலில்தான் சொன்னார்.

“எளுதிக்க தம்பி. முன்னாடி ஊட்ல ஒரு பழைய டேப் ரெக்கார்டர் இருந்துச்சி. ஒரே ஸ்பீக்கரு, அதுவும் கிழிஞ்சது. அதுல ஒரு சினிமா பாட்டு வரும். எப்ப கேட்டாலும் எனக்குக் கண்ணு கலங்கிடும். எதுக்குன்னு எனக்கே தெரியாது. பேப்பர மூஞ்சிக்கு நேரா தூக்கிப் புடிச்சிக்குவேன். குளோரி போன மாசமே அந்தப் பெட்டியும் நின்னுபோச்சி. அவ்ளோ சின்னப் பெட்டிக்கே அப்டின்னா, பெரிய செட்டு வாங்குனா நல்லா வரும்னு பாத்தேன். வரல.”

கணக்கு சரிதான் என்று எனக்கும் பட்டது. கார்டில் அப்படியே எழுதினேன்: ‘பாட்டு நல்லா கேக்குது. அழுகை வரல.’

அந்தப் பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டேன். அது சோகப் பாட்டே இல்லை. ஒருத்தி சைக்கிளில் ஏற மாட்டேன் என்று கோபித்துக்கொள்கிறாள், அவன் கெஞ்சுகிறான், நடுநடுவே மணி அடிக்கிறது. ஐயா நாற்காலியில் இரண்டு கையையும் முட்டியில் வைத்து, ஊசி போட்டுக்கொள்ளக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் கட்டைவிரலைப் பார்த்தேன். அசையவில்லை.

முதல் தடவை ஒயரையெல்லாம் சோதித்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் தடவை கொஞ்சம் மூளையைப் பயன்படுத்தினேன். கடையில் தூசி படிந்து கிடந்த பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றி ஒரு பெட்டியில் போட்டு எடுத்துப் போனேன். பேஸைக் குறைத்து, இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கி, பழைய பெட்டி எப்படிக் கரகரக்குமோ அப்படியே கரகரக்க வைத்தேன். நாற்காலிக்கு எதிரில் வைத்துப் பாட்டைப் போட்டேன். ஐயா முழுதும் கேட்டார்.

“இது மோசமா இருக்குது தம்பி. அளுவயும் வரல.”

அன்றைக்குத்தான் அவர் மற்றதைச் சொன்னார். “அடக்கத்தன்னிக்கு எல்லாரும் அளுதுக்கினு இருக்காங்க. நான் யாரு எந்த வேன்ல ஏறணும்னு சொல்லிக்கினு நிக்கிறேன். மச்சான் பாத்துட்டு, ‘கல்லுய்யா நீ’ன்னான். அப்போ ரோசம் வந்துச்சி. இப்போ பயமா இருக்குது. நாப்பத்தோரு வருசம் ஒண்ணா இருந்தோம். ஒரு சொட்டு வரல. அப்போ இத்தினி வருசம் அவமேல எனக்கு இன்னாதான் இருந்துச்சி? மூணு வாரத்துல வருச நினைவுக் கூட்டம் வருது. அதுக்குள்ள எனக்குத் தெரியணும் தம்பி.”

நான் ஸ்க்ரூடிரைவரை எங்கே வைத்தேன் என்று தேடுகிற மாதிரி பையைக் குடைந்தேன். இந்தத் தொழிலில் இருக்கிறவனிடம் யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் கேட்டுவிட்டார், புகாரும் என் பெயரில்தான் இருந்தது.

ரெட்டெப்பா சாருக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. கடைக்கு அரை நாள் மட்டும் வருவார். கார்டை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். சிரிக்கவில்லை.

“மூணு கேள்வி அடிகாவா?” கேட்டாயா என்கிறார்.

“லேது சார்.”

அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. கார்டை என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாம் தடவை போனேன். மதியம் மூன்று மணி இருக்கும். இந்த முறை பையைத் திறக்கவில்லை. தண்ணீர் கேட்டேன், தரையில் உட்கார்ந்தேன்.

“ஐயா, பழைய பெட்டி இருக்கச்ச நீங்க எங்க ஒக்காந்து கேப்பீங்க?”

“இங்கதான். ஜன்னலாண்ட. பேப்பர் படிச்சிக்கினு.”

“பெட்டி?”

“அது கிச்சன்ல இல்ல இருக்கும்.”

சொல்லிவிட்டு, இது தெரியாதா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானும் அதே மாதிரி சபைக் குடும்பத்தில் பிறந்தவன்தான். எங்கள் வீடுகளில் ஹால் என்பது பைபிளும் ஐயரும், அதாவது சபைப் போதகரும், இருக்கிற இடம். ஜெபத்துக்கு ஐயர் எப்போது வேண்டுமானாலும் வருவார். அதனால் ஹாலில் ஞானப்பாட்டு, கிச்சனில் சினிமாப் பாட்டு. எங்கள் வீட்டிலும் ரேடியோ அரிசி டின் மேல்தான் இருந்தது. அப்படி வளர்ந்தவன், ஒரு சினிமாப் பாட்டைக் கொண்டுவந்து ஹாலின் நட்டநடுவில், சுவரில் மாட்டிய பைபிள் வசனத்துக்கு நேர் கீழே வைத்து, கோடு நேராக வருகிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

“பொத்தான யாரு அமுத்துவாங்க?”

“அவதான். குளோரிதான். எந்தப் பொத்தான் எதுக்குன்னே எனக்குத் தெரியாது தம்பி.”

ஒரு ஸ்பீக்கரைக் கழற்றிக் கிச்சனுக்குக் கொண்டுபோனேன். ஃப்ரிட்ஜ் மேலே தூசிக்கு நடுவில் நீளச் சதுரமாக ஒரு சுத்தமான இடம் இருந்தது. பழைய பெட்டி நின்ற இடம். ஃப்ரிட்ஜ் மேலே ஸ்பீக்கர் வைப்பது எங்கள் தொழிலில் செய்யக் கூடாதவற்றில் முதலாவது. அதிரும். வைத்தேன். ஐயாவின் நாற்காலியை நடு மையத்திலிருந்து ஜன்னலோரத்துக்குத் தள்ளினேன். அன்றைய பேப்பரைக் கையில் கொடுத்தேன்.

“படிச்சிட்டேன் தம்பி.”

“பரவால்ல ஐயா, இன்னொரு தடவை படிங்க.”

கிச்சனுக்கு வந்து, நடுக்கதவை எப்போதும் போல் பாதி சாத்தினேன். பாட்டுக்கு எவ்வளவு சத்தம் வைப்பது? அடுப்புப் பக்கம் நின்று பார்த்தேன். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டேன், குழாயைத் திறந்துவிட்டேன். சமைக்கிறவர் காதுக்குக் கேட்க வேண்டுமென்றால் இவை இரண்டையும் தாண்டியாக வேண்டும். அந்த அளவுக்கு ஏற்றினேன். கொஞ்சம் அதிகம்தான். பாட்டைப் போட்டேன்.

ஃப்ரிட்ஜ் மேலே ஸ்பீக்கர் அதிர்ந்தது. பல்லவி முடிந்தது. முதல் சைக்கிள் மணி அடித்தது. ஹாலில் பேப்பரைத் திருப்புகிற சத்தம் கேட்டது. சரணம் ஆரம்பித்தது. அப்போது ஹாலிலிருந்து குரல் வந்தது. அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. தினசரி சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல்.

“ஏ குளோரி, சவுண்டு கொஞ்சம் கம்மி பண்ணு.”

என் கை தானாகப் போய்க் குறைத்தது.

சத்தம் குறைந்ததும் ஹாலில் பேப்பர் கீழே விழுந்தது. அப்புறம் வந்ததை நான் எழுத வேண்டியதில்லை. பதினொரு மாதமாகக் காத்திருந்த அழுகை மெதுவாக வராது. நான் வெளியே போகவில்லை. குழாயையும் மூடவில்லை. ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எனக்கும் கண் நிறைந்துவிட்டது. பாட்டு முடியும்வரை யாரும் பேசக் கூடாது என்கிற வழக்கம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

ரொம்ப நேரம் கழித்து ஐயா கிச்சனுக்கு வந்தார். திறந்திருந்த குழாயில் முகத்தைக் கழுவினார். தோளில் இருந்த துண்டால் துடைத்துக்கொண்டார்.

“பகலெல்லாம் ஹாரன் சத்தத்துல நின்னுட்டு ஊட்டுக்கு வருவேன். வந்ததும் இதான் சொல்லுவேன். அவளும் ஒடனே கொறைச்சிடுவா. அந்தப் பாட்டு எனக்குப் புடிக்கும்னு ஒரு தடவகூட நான் அவகிட்ட சொன்னதில்ல தம்பி. எனக்குப் புடிக்காதுன்னு நெனச்சிக்கினே போயிட்டா.”

“அப்டி நெனச்சிருந்தா தினம் போட்டிருப்பாங்களா ஐயா?”

அவர் டீ போட்டார். சர்க்கரை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இரண்டு டப்பாவைத் திறந்து பார்த்து, மூன்றாவதில் கண்டுபிடித்தார்.

பிறகு ஒரு சிக்கல் வந்தது. நான் போனபிறகு பொத்தானை யார் அழுத்துவது? ரிமோட்டை எடுத்து நீட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “நான் அமுத்துனா நான் அமுத்துனதுதானே தம்பி?” என்றார். நியாயம்தான். யோசித்தேன். அந்த சிஸ்டத்தில் ஒரு வசதி உண்டு, வீட்டு இன்டர்நெட்டில் இணைத்துவிட்டால் எந்த ஊரில் இருந்தும் போன் வழியாகப் பாட்டுப் போடலாம், சத்தத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். அதை விற்பனையின்போது எல்லோரிடமும் சொல்வோம். யாருக்கும் அது எதற்கென்று தெரியாது, எங்களுக்கும்தான். ஜாய்ஸுக்குப் போன் செய்து, நடந்ததைச் சொல்லி, எதை எப்படி அழுத்த வேண்டும் என்று விளக்கினேன்.

“இன்னொரு தடவை சொல்லுங்க அங்கிள், எழுதிக்கறேன்” என்றாள்.

நினைவுக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஐயா எழுந்து, வந்தவர்களுக்கு நன்றி சொல்லி, சாப்பாட்டுக்கு யார் முதல் பந்தி, யார் இரண்டாவது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அழவில்லை. மச்சான் முறைக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா அவரைக் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பயம் அவர் முகத்தில் இல்லை.

கை கழுவுகிற இடத்தில் ஜாய்ஸ் என்னிடம் வந்தாள்.

“செட்டு எப்டிம்மா இருக்குது? ஏதாவது கம்ப்ளைன்ட்?”

“டெய்லி கம்ப்ளைன்ட்தான் அங்கிள். ஷிஃப்ட் முடிஞ்சி பஸ்ஸுல வரச்ச ஆறரைக்குப் போடுவேன். ரெண்டாவது நிமிஷம் நைனா போன் பண்ணுவாரு. ‘ஜாய்ஸு, சவுண்டு கம்மி பண்ணு’ம்பாரு. அதுக்குன்னே ரெண்டு பாயின்ட் ஏத்தி வச்சித்தான் போடறேன்.”

“ஒடனே கொறைச்சிடுவியா?”

“நைனா போன வச்சதும் கொறைச்சிடலாம்னுதான் பாக்கறேன்” என்றாள். “பாட்டு முடியற வரைக்கும் அவரு போன வைக்கறதே இல்ல அங்கிள்.”